ஆறு கப் பீன்ஸ்

நான்கு வருடம் என் பெயர் முப்பத்தொன்பது.

ரயில் பாதைக்குப் பின்னால் நகராட்சி வேலி போட்டு, நாற்பது துண்டாகப் பிரித்து, வீட்டில் மண் இல்லாதவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்த தோட்ட நிலத்தில் என் துண்டின் எண் அது. "முப்பத்தொன்பது, குழாயை மூடுங்க." "முப்பத்தொன்பது, உங்க வண்டி வழியை மறிக்குது." இதைத் தாண்டி யாரும் என்னிடம் பேசியதில்லை. நானும் வருத்தப்படவில்லை. என் வீட்டில் எண்ணைச் சொல்லிக் கூப்பிடக்கூட ஆள் கிடையாது.

எனக்குப் பார்சல் வண்டி ஓட்டும் வேலை. ஒரு நாளைக்கு நூற்றிருபது கதவு தட்டுவேன். கதவு ஒரு சாண் திறக்கும், ஒரு கை வெளியே வரும். "இங்க ஒரு கையெழுத்து." "இங்கயா?" "இங்கதான்." "தேங்க்ஸ்." கதவு மூடிக்கொள்ளும். என் தெருக்களில் பாதிப் பேரை எனக்குக் கையளவில்தான் தெரியும். முகத்தோடு வழியில் பார்த்தால் யாரென்றே தெரியாது.

மனைவி பிரிந்து போய் ஏழு வருடம் ஆகிறது. சண்டை எதுவும் இல்லை. சண்டை போடுவதற்காவது இந்த மனுஷன் வாயைத் திறக்க வேண்டாமா என்று அவள் வக்கீலிடம் சொன்னதாகக் கேள்வி. மகள் வேறு ஊரில் இருக்கிறாள். வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வாள். "சாப்பிட்டியாப்பா?" "சாப்பிட்டேம்மா. நீ?" "சாப்பிட்டேன்." அதற்குப் பிறகு, யார் முதலில் வைப்பது என்று இரண்டு பேரும் மரியாதையாகக் காத்திருப்போம்.

இப்படி இருந்தவனுக்குக் குதிரைகளால் ஒரு வாழ்வு வந்தது.

ஊருக்கு வெளியே குதிரைச் சவாரி கற்றுக்கொடுக்கும் இடம் ஒன்று. அங்கே ஒரு பெரிய பார்சலை இறக்கப் போனபோது லாயத்துக்குப் பின்னால் இரண்டு மாடி உயரத்துக்கு எருக்குவியல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. லாயக்காரர் அதன் எதிரே இடுப்பில் கைவைத்துக்கொண்டு, கடன்காரனைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"என்ன பண்றது? பாத்துட்டுப் பெருமூச்சு விடுவேன். பதினாலு குதிரைங்க. நான் தூங்கினாலும் அதுங்க வேலையை நிறுத்தறதில்லை. வேணும்னா அள்ளிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்."

என்னிடம் சொந்தமாக ஒரு பழைய வேன் இருந்தது. தார்ப்பாய் விரித்து ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை அடித்தேன். என் துண்டுக்குப் போட்டது போக மீதி இருந்தது. பன்னிரண்டாம் எண் நர்ஸம்மா வேலி ஓரம் வந்து எட்டிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து நேரே வந்திருந்தாள். கண்ணில் தூக்கம், கையில் பிளாஸ்க்.

"அண்ணே, அது எருவா? எனக்கு ஒரு கூடை கிடைக்குமா?"

ஒரு தள்ளுவண்டி நிறையத் தள்ளிக்கொண்டு போய்க் கொட்டினேன். அந்த வருடம் நர்ஸம்மாவின் தக்காளி அவள் தோளுக்கு மேல் வளர்ந்தது. அடுத்த வாரம் அவள் பக்கத்துத் துண்டுக்காரர் கேட்டார், அதற்கடுத்த வாரம் தலைவர் கேட்டார். தலைவர் என்றால் எங்கள் தோட்டச் சங்கத்தின் தலைவர். முக்கில் சலூன் வைத்திருக்கிறார், பேசும்போதும் இரண்டு விரல் கத்தரிபோல் வெட்டிக்கொண்டே இருக்கும். கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளினேன். ஒருநாள் நர்ஸம்மா தோட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து கை தட்டிக் கூப்பிட்டாள்: "எருவண்ணே! ஓ, எருவண்ணே! டீ ஆறுது!"

நாற்பது துண்டும் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு வைத்த பெயர்தான்.

ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதனுக்குக் கிடைக்கக்கூடிய பெயர்களில் அது அப்படியொன்றும் வாசனையானது அல்ல என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் குளிக்கும்போது ஒருமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

*

முப்பத்தொன்பது பேருக்கும் எரு போட்டேன், என்னையும் சேர்த்து. போடாதது ஒரே ஒரு ஆளுக்கு. நாற்பதாம் எண், என் பக்கத்துத் துண்டு, டேப்புக்காரர்.

நிலம் அளக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் இரும்பு டேப் மட்டும் சட்டைப்பையை விட்டுப் போகவில்லை. வெண்டைக்குச் செடிக்குச் செடி அளப்பார். வேலிக்கம்பு சாய்ந்தால் எவ்வளவு சாய்ந்தது என்று அளப்பார். தனி ஆள் என்பதால் டேப்பின் முனையை மண்ணில் ஓர் ஆணி அடித்து மாட்டிவிட்டு, மறுமுனையை இழுத்துக்கொண்டு குனிந்தபடியே போவார். பாதி தூரத்தில் ஆணி பிடுங்கிக்கொள்ளும், டேப் சர்ரென்று திரும்பிவந்து கையில் அடிக்கும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

என் பூசணிக்கொடி ஒருமுறை அவர் பக்கம் போய்விட்டது. வந்து பார்க்கிறேன், எல்லைக்கோட்டில் ஒட்ட நறுக்கி, நறுக்கிய கொடியைச் சுருட்டி என் கதவில் மாட்டியிருந்தார். கூடவே ஒரு சீட்டு: "நாற்பத்தொரு சென்டிமீட்டர்."

"ஏங்க, அதுல ரெண்டு பிஞ்சு இருந்துச்சு," என்றேன்.

"பிஞ்சு ரெண்டும் என் பக்கம். கணக்குப்படி என்னுது. அதையும் சேத்துத்தான் திருப்பிக் கொடுத்திருக்கேன்."

இதற்கு என்ன பதில் சொல்வது? நான் எருவில் பதில் சொன்னேன். வேன் நிறைய வந்து அவர் வேலியை உரசி நிற்கும், நான் அள்ளி அள்ளி மற்ற எல்லாருக்கும் கொண்டுபோவேன். அவர் கேட்கவும் இல்லை. ஒரே ஒருமுறை வேலிக்கு அந்தப்பக்கமிருந்து சொன்னார்: "குதிரை போடறதுக்குச் சாணின்னு பேர் இல்லை. லத்தி." அவர் மட்டும் கடைசிவரை என்னை முப்பத்தொன்பது என்றுதான் கூப்பிட்டார்.

நர்ஸம்மாவுக்கு மட்டும் நான் மூன்று தள்ளுவண்டி போடுவேன். மற்றவர்களுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதற்கு வேறு அர்த்தம் எதுவும் கிடையாது. அவள் டீ ஊற்றும்போது மூடியில் எனக்கும் பிளாஸ்க்கில் தனக்கும் வைத்துக்கொள்வாள். மூடி சூடாக இருக்கும், பார்த்துப் பிடிங்க என்பாள். அவ்வளவுதான். வாரத்தில் ஒருத்தர் நம்மைப் பார்த்துப் பிடிங்க என்று சொல்வதற்கு மூன்று தள்ளுவண்டி அதிகமில்லை என்று எனக்குத் தோன்றியது.

*

இரண்டாம் வருடம் நட்ட இரண்டு மாதத்தில் ஆரம்பித்தது.

முதலில் நர்ஸம்மாவின் தக்காளி. நுனி இலை விரியாமல், பிறந்த குழந்தையின் கை மாதிரி இறுக்கி மூடிக்கொண்டது. பிறகு வந்த இலைகள் இலை மாதிரியே இல்லை, ஒடுங்கி, நீண்டு, நூல் நூலாகச் சுருண்டன. தண்டு கயிறு முறுக்கியதுபோல் திரும்பியது. அடுத்து பீன்ஸ், அடுத்து உருளைக்கிழங்கு. பத்து நாளில் தோட்டம் முழுக்க எல்லாச் செடியும் வயிற்றுவலி வந்ததுபோல் குனிந்து நின்றது.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வைரஸ் என்றாள் நர்ஸம்மா, அவளுக்குத் தெரிந்த உலகம் அது. தண்ணீர் சரியில்லை என்றார் ஒருவர். ரயில் அதிர்வு என்றார் இன்னொருவர். அந்த ரயில் முப்பது வருடமாக ஓடுகிறது. "எருவண்ணே, நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று என்னையும் கேட்டார்கள். பெயர் வந்ததிலிருந்து நான் செடி சாஸ்திரத்தில் பெரிய ஆளாகியிருந்தேன். இலையைத் திருப்பிப் பார்த்து, "ம்ம்," என்றேன். இன்னும் கொஞ்சம் எரு போட்டால் தெம்பு வரும் என்று இரண்டு பேருக்குச் சொன்னேன். போட்டும் கொடுத்தேன்.

அப்போதுதான் யாரோ கவனித்தார்கள், நாற்பதாம் எண்ணில் மட்டும் செடி அத்தனையும் தலை நிமிர்ந்து நிற்கிறது. டேப்புக்காரரின் தக்காளி, அளந்து வைத்த இடைவெளியில், ராணுவ அணிவகுப்பு மாதிரி. காய் வேறு.

தலைவர் குழாயடியில் எல்லாரையும் வைத்துக்கொண்டு விரலால் காற்றை வெட்டினார். "நாற்பது துண்டுல முப்பத்தொன்பது சாகுது, ஒண்ணு மட்டும் சிரிக்குது. இது எப்படி? போன மாசம் அந்த ஆளு முதுகுல தெளிப்பான் மாட்டிட்டு நின்னதை நானே பார்த்தேன்."

"அது சோப்புத் தண்ணின்னு சொன்னாரே," என்றாள் நர்ஸம்மா.

"சொல்லுவாரு. களைக்கொல்லின்னு எழுதி மாட்டிக்கவா போறாரு? யாரோட ஒத்துப் போறாரு அவரு? எருவண்ணே, பக்கத்துல இருக்கறவர் நீங்க. அவரு அப்படிச் செய்யற ஆளா இல்லையா, நீங்களே சொல்லுங்க."

இருபது முகம் என்னைப் பார்த்தது. கதவு இடுக்கில் வரும் கைகள் இல்லை, முழு முகங்கள்.

"இருக்கலாம்," என்றேன்.

ஒரே ஒரு சொல். தலைவருக்கு அது போதுமானதாக இருந்தது. மறுநாள் நாற்பதாம் எண் கதவில் ஒரு நோட்டீஸ் ஆணி அடித்து மாட்டப்பட்டிருந்தது: சங்கக் கூட்டத்துக்கு வந்து விளக்கம் தரவும். தேதி ஐந்து வாரம் தள்ளி.

*

அதே வாரம் லாயத்துக்கு ஒரு பார்சல் வந்தது. லாயக்காரர் சந்தோஷமாக இருந்தார். புல்கட்டுகளைக் காட்டினார்.

"இந்த வருஷம் காய்ஞ்ச புல்லு வேற ஆள்கிட்ட வாங்கறேன். பாருங்க, ஒரு களை கிடையாது. ஒரு முள்ளு கிடையாது. சுத்தத் தங்கம்."

"எப்படி அவ்வளவு சுத்தம்?"

"ஏதோ மருந்து அடிக்கறானாம். அகல இலைக் களை மட்டும்தான் சாகுமாம். புல்லுக்கு ஒண்ணும் ஆகாது, தின்ன குதிரைக்கும் ஒண்ணும் ஆகாது. அப்படியே உள்ள போய் அப்படியே வெளிய வந்துடுமாம்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வண்டியில் ஏறி, சாவியைத் திருகாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அகல இலை. தக்காளி அகல இலை. பீன்ஸ் அகல இலை. அப்படியே உள்ளே போய் அப்படியே வெளியே. வெளியே வந்ததை அள்ளிக்கொண்டு போய் ஊருக்கெல்லாம் படைத்தவன், இதோ, கண்ணாடியில்.

திரும்பும் வழியில் விதைக்கடையில் நிறுத்தினேன். கடைக்கார அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிக் கேட்டுக்கொண்டாள்.

"எரு மேலயே சந்தேகமா? ரொம்ப சுலபம். ஆறு கப் எடுங்க. மூணுல வெறும் மண்ணு. மூணுல மண்ணும் உங்க எருவும் பாதிப் பாதி. ஆறுலயும் பீன்ஸ் போடுங்க. ஒண்ணோட தண்ணி ஒண்ணுக்குப் போகக்கூடாது. ரெண்டு மூணு வாரத்துல செடியே சொல்லிடும்."

"எரு நல்லதா இருந்தா?"

"எரு கப்புதான் முந்தி வளரும். எரு யாருதுங்க?"

"ஒரு தெரிஞ்சவர்து," என்றேன்.

ஆபீஸிலிருந்து காகிதக் கப் ஆறு எடுத்துவந்தேன். படுக்கையறை ஜன்னல் விளிம்பில் இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பார்ப்பேன், வந்ததும் பார்ப்பேன். ஆறாம் நாள் முளை வந்தது. எருக் கப்புகளில் முளைத்தது குண்டாக, அழகாக இருந்தது. "சபாஷ்," என்றேன் சத்தமாக. அந்த அறையில் என் குரலைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

பிறகு தினமும் பேசினேன், அதை ஏன் மறைக்க வேண்டும். மூன்று வெறும் மண் கப்புகளை நான் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. என் பிள்ளைகள் வலப்பக்கம் இருந்தார்கள். பரீட்சை நடக்கும் அறைக்கு வெளியே நிற்கிற தகப்பன் மாதிரி ஜன்னலை விட்டு நகராமல் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை மகள் போனில், "என்னப்பா பண்றே?" என்றாள்.

"பீன்ஸ் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"சமைக்கவா?"

"இல்லை. சும்மா பாத்துக்கிட்டு."

"அப்பா, நல்லா இருக்கியா?" என்றாள். கேள்வி புதிது. நல்லாத்தான் இருக்கேன் என்பதற்குள் அவளை யாரோ கூப்பிட்டார்கள்.

பதினாறாம் நாள் வலப்பக்கம் மூன்று கப்பிலும் நுனி இலை கையை மூடிக்கொண்டது. இடப்பக்கம் மூன்றும் நான் ஒருநாளும் கொஞ்சாத பிள்ளைகள். இலையை அகல விரித்து வெயில் காய்ந்தன.

நியாயமாக நான் அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒருவேளை வலப்பக்கம் வெயில் அதிகமோ என்று யோசித்தேன். அறுபது சென்டிமீட்டர் ஜன்னலில் என்ன வலப்பக்கம், என்ன இடப்பக்கம்! ஆனாலும் பரீட்சையை மறுபடி வைத்தேன். புதிதாக ஆறு கப். இந்த முறை பக்கம் மாற்றி, எருவையும் குறைத்து, கப்புக்கு இரண்டே கரண்டி. பாஸ் மார்க்கைக் குறைத்தாவது தேறவைத்துவிடலாம் என்கிற வாத்தியார்த்தனம். அதற்கு இன்னொரு பதினாறு நாள் போனது.

அந்தப் பதினாறு நாளில் டேப்புக்காரர் குழாயடிக்கு வந்தால் வரிசை கலைந்தது. அவர் வைத்த வாளியை யாரோ ஓரமாக நகர்த்தினார்கள். அவர் திரும்ப வைத்தார், திரும்ப நகர்த்தினார்கள். அவர் வேலிக்கு வெளியே சாயங்காலம் நாலைந்து பேர் நின்று சத்தமாகப் பேசினார்கள். அவர் உள்ளே தக்காளிக்குக் கம்பு கட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு விசித்திரம் கண்டேன். மற்றவர்கள் இல்லாத மத்தியான நேரத்தில் அவர் துண்டு துண்டாகப் போய், வரப்பில் ஆணி அடித்து, டேப்பை இழுத்து, எதையோ அளந்து நோட்டில் எழுதினார். என்னைப் பார்த்ததும் நோட்டை மூடினார்.

"என்ன முப்பத்தொன்பது, இன்னிக்கு வண்டி சீக்கிரம் முடிஞ்சுதா?"

"ஆமாங்க."

அவ்வளவுதான் பேச்சு. அவர் அதற்கு மேல் நின்றுகொண்டிருந்தார். நானும்தான். கூட இரண்டு வாக்கியம் இருந்தால் இரண்டு பேருக்கும் உதவியிருக்கும். இருவரிடமும் இருப்பு இல்லை.

கரண்டி எரு போட்ட கப்புகளும் சுருண்டன. கொஞ்சம் மெதுவாக, ஆனால் சுருண்டன.

*

கூட்டம் கருவிக் கொட்டகைக்கு முன்னால். வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். டேப்புக்காரர் மட்டும் நின்றார். சலவைச் சட்டை போட்டிருந்தார், பையில் டேப்பும் மடித்த காகிதம் ஒன்றும் துருத்திக்கொண்டிருந்தன.

"சொல்லுங்க," என்றார் தலைவர்.

"சோப்புத் தண்ணி," என்றார் டேப்புக்காரர்.

"அவ்வளவுதானா?"

"ஒரு லிட்டருக்கு அஞ்சு மில்லி."

யாரோ சிரித்தார்கள். தலைவர் ஒரு தாளை எடுத்தார். நாற்பதாம் எண்ணை வேறு ஆளுக்கு மாற்றித் தருமாறு நகராட்சிக்கு மனு. எல்லாரும் கையெழுத்து. தாள் வாளி வாளியாக நகர்ந்து வந்தது. நர்ஸம்மா தன் முறை வந்தபோது பேனாவை வெகுநேரம் வைத்திருந்து, பிறகு போட்டுவிட்டாள். அவள் தக்காளி முப்பது செடியும் போயிருந்தது. தாள் என்னிடம் வந்தது. தலைவர் குனிந்து இடத்தைக் காட்டினார்.

"இங்க ஒரு கையெழுத்து, எருவண்ணே."

"இங்கயா?" என்றேன், பழக்கதோஷம்.

"இங்கதான்."

எழுந்து, "ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு வேனுக்குப் போனேன். உள்ளே பன்னிரண்டு கப்பும் ஒரு பார்சல் பெட்டியில் இருந்தன. காலையில் ஏற்றியபோதும் காட்டுவேனா என்று தெரியாது. பெட்டியின் மேல் 'உடையும் பொருள்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, பழைய பெட்டி. சாவி கையில்தான் இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். என்னைத் தேடி ஆள் வர ஒரு மாதமாவது ஆகியிருக்கும். ஸ்டியரிங்கைப் பார்த்தேன். வேலிக்கு அப்பால் அந்த மனுஷர் சலவைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார், உட்காரச் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பெட்டியைத் தூக்கிவந்து நடுவில் வைத்துத் திறந்தேன்.

"இது வெறும் மண்ணுல வந்தது. இது நான் கொண்டுவந்த எருவுல வந்தது," என்றேன். "குதிரை தின்ன புல்லுல களைக்கொல்லி. அது குதிரை வயித்துல போய் வந்தும் சாகலை. இவர் யார் செடிக்கும் எதுவும் பண்ணலை. நான்தான் பண்ணேன். இவருக்கு மட்டும் எரு போடலை, அதான் இவர் செடி நல்லா இருக்கு. ரெண்டு வாரம் முந்தியே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் இன்னொரு தரம் நட்டுப் பாத்தேன்."

வாழ்நாளில் நான் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். என் மனைவி கேட்டிருந்தால் வக்கீலை மாற்றியிருப்பாள்.

ஒரு ரயில் போனது. நர்ஸம்மா ஒரு கப்பை எடுத்து, சுருண்ட நுனியை விரலால் மெதுவாக விரிக்கப் பார்த்தாள். அது விரியவில்லை.

"எனக்கு மூணு வண்டி போட்டீங்களே," என்றாள்.

"நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா."

"தெரியும்." கப்பை வைத்தாள். "அது தெரியும்." பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு பின்பக்க வழியாகப் போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தலைவரின் விரல்கள் முதன்முறையாக வெட்டுவதை நிறுத்தியிருந்தன. தாளை நாலாகக் கிழித்தார். "சரி, எல்லாரும் மனுஷங்கதானே," என்றார் டேப்புக்காரரைப் பார்த்து, மன்னிப்பை எல்லாருக்குமாகப் பங்கு போட்டு. டேப்புக்காரர் யோசித்தார்.

"அந்த நோட்டீஸ் ஆணி என் கதவுல ஓட்டை போட்டிருக்கு. நாலு மில்லிமீட்டர்," என்றார். "அடைச்சுக் கொடுங்க."

*

இரண்டு தப்புக்கு ஒரே தண்டனை என்று நானே தீர்மானித்து, போட்ட எருவை அள்ள ஆரம்பித்தேன். லாயக்காரர் அலறிவிட்டு, திரும்ப வாங்கிப் புல்வெளியில் மெல்லப் பரப்பிக்கொள்வதாகச் சொன்னார், புல்லுக்கு ஒன்றும் ஆகாதே. சாயங்காலம் ஒரு துண்டு. மேல்மண்ணோடு சுரண்டி, தள்ளுவண்டியில் ஏற்றி, வேனில் கொட்டி. கதவைத் திறந்துவிட்டு ஆட்கள் ஓரமாகப் போய்விடுவார்கள். "முப்பத்தொன்பது வந்திருக்காரு," என்று உள்ளே குரல் கேட்கும். பழைய சட்டையைத் திரும்பப் போட்டதுபோல அந்த எண் கச்சிதமாக இருந்தது.

நர்ஸம்மாவின் துண்டை இரண்டு நாள் சுரண்டினேன். அவள் டியூட்டி நேரத்தில்தான் போனேன். இரண்டாம் நாள் வரப்பில் பிளாஸ்க் மூடி மட்டும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மறந்து விட்டுப்போனதா, வேண்டுமென்றே வைத்ததா, தெரியவில்லை. உள்ளே எதுவும் இல்லை. கழுவி, வைத்த மாதிரியே கவிழ்த்துவிட்டு வந்தேன்.

எட்டாம் நாள் எனக்கே குழம்பிவிட்டது. யாருக்கு எந்தப் பாத்தியில் போட்டேன், எதில் போடவில்லை? வழியில் மண்வெட்டியோடு நின்றேன். டேப்புக்காரர் வந்தார். சட்டைப்பையிலிருந்து, கூட்டத்தன்று வைத்திருந்த அதே காகிதத்தை எடுத்து விரித்தார்.

நாற்பது துண்டும் அளவோடு வரைந்திருந்தது. எங்கெங்கே செடி சுருண்டிருக்கிறதோ அங்கெல்லாம் பென்சில் கோடு. பன்னிரண்டில் மூன்று மடங்கு அடர்த்தி. கோடு இல்லாதது இரண்டே கட்டம், அவருடைய நாற்பதும் பதினேழும். கீழே சின்ன எழுத்தில்: "எரு போட்ட இடங்கள்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"ஒரு மாசமா."

"கூட்டத்துல இதை எடுத்துக் காட்டியிருந்தா..."

"அளவு முடியலை. பதினேழாம் நம்பர்காரர் ஊர்ல இல்லை. கதவு பூட்டு. அரைகுறைப் படத்தை எப்படிக் காட்டறது?"

அவர் முகத்தைப் பார்த்தேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தன் நிலமே போனாலும் அரைகுறைப் படத்தைக் காட்டாத ஆள். அது மட்டும்தான் காரணமா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் வேலியைப் பார்த்துக்கொண்டு, கேட்காத வேறொன்றுக்குப் பதில் சொன்னார்:

"அந்த அஞ்சு வாரமும் தினம் சாயங்காலம் நாலு பேர் என் வேலிகிட்ட வந்து நின்னாங்க. திட்டத்தான் வந்தாங்க. இப்ப ஒருத்தரும் வர்றதில்லை."

"பதினேழுக்கு ரெண்டு வண்டி போட்டேன்," என்றேன். "தெற்குப் பக்கம், உருளைக்கிழங்குக்கு. நேத்து அவர் ஊர்லேர்ந்து வந்துட்டாரு, கதவு திறந்திருக்கு."

அவர் பென்சிலை எடுத்துக் காதில் செருகினார். பதினேழை நோக்கி நடந்தார், நானும் பின்னால். வரப்போரம் வந்ததும் பழக்கப்படி பையில் ஆணியைத் தேடினார். எடுத்து, மண்ணில் ஊன்றக் குனிந்தவர், நிறுத்தி, நிமிர்ந்தார். டேப்பின் முனையை என் பக்கம் நீட்டினார்.

"முப்பத்தொன்பது, இதைக் கொஞ்சம் பிடி. ஆடாம பிடிக்கணும்."

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் இடது. ம்ம். அங்கதான்."

குனிந்து, வரப்பு மூலையில் முனையை வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன். அவர் டேப்பை இழுத்துக்கொண்டு பின்னோக்கி நடந்தார். பாதி தூரம் தாண்டியும் அது பிடுங்கிக்கொள்ளவில்லை. அதை அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மேலே நடந்தார்.